புளி ஊற்றிக் கழுவிய ரேடியேட்டர்

“புளி போடாத!” என்று நான் போட்ட சத்தத்தில் மகளின் கையிலிருந்த ஹோஸ் நழுவி, என் சேலையெல்லாம் தண்ணீர் தெறித்துவிட்டது.

பௌர்ணமிப் போயா லீவு நாள். காலையிலிருந்தே வீட்டு வளவில் காரை நிறுத்தி, பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். மகன் கத்தாரில், அவன் விட்டுவிட்டுப் போன கார் இப்போது இவள் பொறுப்பு. பழைய கூலண்டை வடித்துவிட்டுப் புதிது ஊற்றப் போகிறாளாம். கராஜில் கொடுத்தால் முடிகிற வேலை என்று சொன்னேன், கேட்டால்தானே! இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு போன்தான் உஸ்தாது. அதைத் தூணில் சாய்த்து வைத்து, அதில் ஒரு மனிதர் கதைக்கக் கதைக்க இவள் செய்கிறாள். என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து மூடியைத் திறந்தாள். காருக்குக் கீழே பழைய பேசின் ஒன்றை வைத்து, ரேடியேட்டரின் அடியிலிருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தினாள். பச்சையாக வர வேண்டிய தண்ணீர் துருவேறி மண் நிறத்தில் கொட்டியது. கூடவே, சீனிப்பாகு கொஞ்சம் அடிப்பிடித்தது போல ஒரு வாசம். இது இனிப்பான நஞ்சு, பூனை நக்கினால் செத்துப்போகும் என்று சொல்லி, பேசினை உடனே பலகையால் மூடியும் வைத்தாள். அவ்வளவு கவனமான பிள்ளைதான். ஆனால் அடுத்து அவள் வாயிலிருந்து வந்த கதையைக் கேளுங்கள்.

“உள்ளுக்க நல்லாக் கறள் புடிச்சிரிக்கி உம்மா. கொஞ்சம் புளி கரைச்சு ஊத்தினா எல்லாம் கழண்டு வந்துருமாம். குசினில புளி இரிக்கா?”

அதற்குத்தான் நான் அப்படிக் கத்தினேன். அவள் பயந்தே போனாள். “வெறுந் தண்ணியால கழுவு, போதும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். காரணம் கேட்டாள், சொல்லவில்லை. அவளிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் வேறு ஊர்.

எங்கள் வாப்பாவுக்கும் ஒரு கார் இருந்தது. கல்முனை பஸாரில் சின்னதாக ஒரு புடவைக் கடை வைத்திருந்தவருக்குக் கார் எதற்கு என்று கேட்காதீர்கள். உம்மா வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டா, பதில் கிடைக்கவில்லை. தேயிலைச் சாய நிறத்தில், மூக்கு நீண்ட பழைய கார். அதற்கு மேடு பிடிக்காது, வெயில் பிடிக்காது, செக் பொயின்டில் வரிசையில் நிற்கச் சொன்னால் கொஞ்சமும் பிடிக்காது. உடனே கொதித்துவிடும். பொனட்டின் இரண்டு பக்கத்தாலும் ஆவி கிளம்ப, வாப்பா “பிஸ்மில்லாஹ்” என்று இறங்கி, சாரத்தின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திறப்பார். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உவர்; கேத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அதையே வருசக்கணக்காகக் குடித்து வளர்ந்த கார் அது, உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

கார் கொதித்தால் தண்ணீர் வேண்டும். தண்ணீர் கேட்டுப் போகிற ஆள் நான். ராத்தா என்னைவிட ஐந்து வயது மூத்தவள், கலியாண வயது வந்துவிட்ட பிள்ளை, கண்ட வளவுக்குள்ளும் அவளை அனுப்ப முடியாது. வாப்பா போனால் “காரும் வெச்சிக்கிட்டுத் தண்ணிக்கி அலையிறாரு” என்பார்களாம். ஆகவே நான்.

“மகள், அந்த ஊட்டுல கொஞ்சம் தண்ணி வாங்கிட்டு வா. பொம்புளப் புள்ள கேட்டா இல்லண்டு சொல்ல மாட்டாங்க.”

காரைதீவில் கேட்டிருக்கிறேன், நிந்தவூரில் கேட்டிருக்கிறேன், ஆலையடிவேம்பில் ஒரு கலியாண வீட்டுப் பந்தலுக்குள்ளேயே போய்க் கேட்டிருக்கிறேன். தகரக் கேனைத் தூக்கிக்கொண்டு தெரியாத வீட்டு வாசல் கடப்பில் நின்று “காருக்குத் தண்ணி” என்று சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனிதருக்குத் தாகம் என்றால் கேட்கலாம். காருக்குத் தாகம் என்று எப்படிக் கேட்பது? ஆனால் ஒரு வீட்டிலும் இல்லை என்று சொன்னதில்லை. இந்துக்களின் வீடு, முஸ்லிம்களின் வீடு என்றும் இருந்ததில்லை. சண்டைக் காலத்தில்கூட வாளியைக் கிணற்றில் போட்டுக் கொடுத்தார்கள். எனக்குத்தான் வெட்கம். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னைத் “தண்ணிக்காரி” என்று கூப்பிட்ட நாளில் சோறு தின்னாமல் கிடந்தேன். ராத்தா அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாப்பா ஆவிக்குப் பயந்து ஒரு காலைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு மூடியைத் திறக்கிற மாதிரி நடித்துக் காட்டுவாள், வாப்பாவின் முன்னாலேயே. அவரும் சிரிப்பார். அந்த வீட்டில் காரைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் சிரித்திருக்கிறோம்.

ராத்தாவுக்கு அட்டாளைச்சேனையில் ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த பிள்ளை, நல்ல குடும்பம். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போகவேண்டும், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொதல், வட்டிலப்பம், கதலிக் குலை எல்லாவற்றோடும் போய், இருந்து, கதைத்து, அவர்கள் “ஓம்” என்றால்தான் உண்டு. பெண் தன் வீட்டிலேயே இருப்பாள். ராத்தாவுக்கு முன்பே ஒரு இடம் சரிவராமல் போயிருந்தது. இதுவும் தவறினால் ஊர்வாய் சும்மா இருக்காது என்று உம்மா இரவெல்லாம் தஸ்பீஹ் உருட்டினா. வாப்பாவின் கவலை வேறு. மாப்பிள்ளை வீட்டு வாசலில் கார் கொதித்தால் என்ன செய்வது?

போவதற்கு முதல் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, உம்மா பித்தளை வெற்றிலைப் படிக்கத்தைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்ற வாப்பாவுக்கு மூளை வேலை செய்தது.

“பித்தளையத் துலக்குற புளி, இரும்பத் துலக்காதா?”

“என்ட அல்லாஹ், கறிக்கி வெச்ச புளிய!” என்று உம்மா கத்தியதை யார் கேட்டார்? ஒரு முட்டிப் புளி போனது. வெந்நீரில் கரைத்து, ராத்தாவின் பழைய தாவணியில் வடிகட்டி, ரேடியேட்டரில் ஊற்றி, மூடி, என்ஜினை ஓடவிட்டார். கார் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு ஓடியது. பிறகு ஆறவிட்டு அடித் திருகைத் திறந்தார் பாருங்கள், கறுப்பாகவும் சிவப்பாகவும், சேறும் சிதறலுமாக வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருசத்து அழுக்கு. வாப்பாவின் முகத்தில் பெருநாள். அதிகம் சந்தோசப்பட்டவள் ராத்தாதான். ஹோஸைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் வருகுது வாப்பா, இன்னும் வருகுது” என்று சிரித்தபடி நின்றாள். நாளைக்கு அவளுக்காகப் போகிற கார், அவளே கழுவினாள்.

மூன்று நான்கு தரமாவது நல்ல தண்ணீர் விட்டு, என்ஜினை ஓட்டி, வடித்து, மறுபடி விட்டிருக்க வேண்டும். இன்றைக்கு என் மகள் அப்படித்தான் செய்கிறாள். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடவே மாட்டாள். வாப்பா இரண்டாம் தரம் வடிக்கும்போது மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். “காணும், போதும்” என்று திருகைப் பூட்டி, கடையில் வாங்கிய பச்சை நிறக் கூலண்ட் போத்தலை ஊற்றி, மிச்சத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டு நிரப்பிவிட்டுப் பள்ளிக்கு ஓடினார்.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அந்தக் கறள்தான் ரேடியேட்டரின் ஓட்டைகளை இவ்வளவு காலமும் அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. புளி அதைச் சுத்தமாகக் கழற்றி எடுத்துவிட்டது.

அடுத்த நாள் புறப்பட்டோம். முன்னால் வாப்பாவும், பேச்சுக்கார மாமாவும். மாமா உம்மாவின் தம்பி, வாயால் வீடு கட்டுகிறவர். பின்னால் உம்மா, சின்னம்மா முறையான சாச்சி, நடுவில் நான், மடியில் வட்டிலப்பச் சட்டி. சட்டி பிடிக்கத்தான் என்னைக் கூட்டிப்போகிறார்கள் என்று வெளியே கதை. கேன் என் காலடியில்தான் இருந்தது.

ஒலுவில் ஊரைத் தாண்டும்போதே எனக்கு மணத்தது. முதலில் சாச்சிதான் வாயைத் திறந்தா.

“ஆருகா புளியாணம் காச்சுற? நல்லா வாசம் வருகுது.”

வாப்பாவின் கழுத்து வேர்த்துக்கொண்டு வந்தது. அட்டாளைச்சேனைக்குள் நுழைந்து, மாமா ஒரு கடையில் வழி கேட்டு, ஒரு கிறவல் ரோட்டில் திரும்பினோம். அங்கேயே கார் நின்றுவிட்டது. ஆவி என்றால் ஆவி, வெள்ளை வெள்ளையாக, மீனைப் போட்டால் ஆணம் ஆகிவிடும் போன்ற வாசத்தோடு. உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா.

“எந்த ஊடு மச்சான்?” என்று வாப்பா கேட்டார்.

“இந்த ரோட்டுலதான். இன்னும் கொஞ்சம் போகணும்போல” என்றார் மாமா.

“அதுக்குள்ள நிரப்பிருவம். மகள், ஓடிப் போ.”

போனேன். முதல் கடப்பு பூட்டியிருந்தது. இரண்டாவது வளவில் ஒரு பெரிய மனுசி கிணற்றடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தா. என் முகத்தைக்கூடப் பாராமல், கேனைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டா.

“கார் கொதிச்சிட்டா மகள்? நான் அள்ளித் தாறன், நில்லு.”

“வேணாம் மாமி, நானே அள்ளுறன்.”

சட்டைக் கையை மடித்துவிட்டு அள்ளினேன். ஒரு கேன் போதவில்லை. வாப்பா ஊற்ற ஊற்ற அடியால் ஒழுகிக்கொண்டே இருந்தது. மூன்று தரம் ஓடினேன். மூன்றாம் தரம் அந்த மாமி தன் வீட்டுச் சவர்க்காரத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, “ஓட்டையில இத அப்பச் சொல்லு, கொஞ்சத்துக்குத் தாங்கும்” என்று தந்தா. வாங்கிக்கொண்டுபோய், நானே காருக்கு அடியில் குனிந்து அப்பினேன். வாப்பாவுக்கு வெள்ளை உடுப்பு அல்லவா. திரும்பிக் கேன் கழுவப் போனபோது மாமி என் முகத்தில் ஒட்டியிருந்த கரியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டா.

“ஆருட மகள் நீ? எந்த ஊரு?”

“கல்முனப் பக்கம். ஒரு அலுவலாப் போறம் மாமி” என்று சொல்லி ஓடிவந்துவிட்டேன்.

இனி என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கார் ஊர்ந்து போய், மாமா இன்னொரு ஆளிடம் வீட்டைக் கேட்க, அந்த ஆள் கையைப் பின்னுக்கு நீட்டினார். நாங்கள் தாண்டி வந்துவிட்டோம். அதே கடப்பு, அதே கிணறு. மாப்பிள்ளையின் உம்மா வாசலில் நின்று எங்களைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பிறகு விழுந்து விழுந்து சிரித்தா.

“அலுவல் எங்கட ஊட்டுலயா மகள்?”

நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனால் அந்தச் சிரிப்பில் எல்லாம் லேசாகிவிட்டது. வாப்பாவே புளிக் கதையைச் சொல்லிவிட்டார், மாப்பிள்ளையின் வாப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வட்டிலப்பத்தை எல்லோரும் தின்றார்கள். மாமா ராத்தாவின் குணத்தையும் ஓதலையும் படிப்பையும் எடுத்துச் சொன்னார். திரும்பும்போது உம்மா “அல்ஹம்துலில்லாஹ், காரியம் பழம்” என்று சாச்சியின் கையைப் பிடித்தா. அன்றைக்கு ராத்தாவிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டியவள் நான். சிரித்துச் சிரித்து என் தோளிலேயே படுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“அவங்களுக்கு உங்கட குடும்பம் நல்ல விருப்பம். ஆனா, தண்ணி அள்ள வந்த புள்ளயத்தான் கேக்காங்க. நல்ல துணிவான புள்ள, எங்கட ஊட்டுக்கு அப்படி ஒண்டுதான் வேணுமெண்டு மாப்புளட உம்மா ஒரே புடியா நிக்கிறா.”

குசினிக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு சீலைத் திரை. அதற்கு இந்தப் பக்கம் நானும் ராத்தாவும் நின்றுகொண்டிருந்தோம். அவள் கையில் தரகருக்குக் கொண்டுபோகவிருந்த தொதல் தட்டு.

“மூத்தவ இரிக்க இளையவளக் குடுக்கிறயா? போய்ச் சொல்லுங்க, எங்கட ஊட்டுல அப்படிப் பழக்கம் இல்ல” என்று வாப்பா எழும்பிவிட்டார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு.

எனக்கு என்ன இருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். வெட்கம். நெஞ்சு எரிகிற வெட்கம். அதற்கு அடியில், ஒரு நொடி, ஒரேயொரு நொடி, என்னைப் பிடித்திருக்கிறதாமே என்று ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி வந்தபோது ராத்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்டாளோ இல்லையோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அவள் ஏசியிருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன். தட்டை மெதுவாக வைத்துவிட்டு, “நீ என்னடி செஞ்ச? தண்ணிதானே கேட்ட” என்றாள். அதற்குப் பிறகு அவள் வாப்பாவைப் போல நடிக்கவேயில்லை. காரைப் பற்றி யாரும் அந்த வீட்டில் சிரிக்கவில்லை. வாப்பா காரை நடைவிலைக்குக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் கடைக்குப் போனார்.

ஊர் வாய் இருக்கிறதே. மூத்தவளை வேண்டாம் என்றார்களாம், இளையவளைக் கேட்டார்களாம் என்று அக்கரைப்பற்று வரைக்கும் கதை போய்விட்டது. வந்த இடமெல்லாம் அதை விசாரித்துவிட்டு நின்றுபோனது. அதன் பிறகு ராத்தாவைப் பார்க்க ஆட்கள் வரும் நாளெல்லாம் காலையிலேயே என்னைப் பின் வேலியால் சாச்சியின் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உம்மா நேராகச் சொல்ல மாட்டா. “சாச்சிக்கு உடம்பு சரியில்லையாம், போய்ப் பாரு” என்பா. சாச்சி கல்லுப் போல இருப்பா. நானும் அவவும் பாய் பின்னப் பன்புல் கிழித்துக்கொண்டிருப்போம். என்னை அப்படி ஒளித்து ஒளித்துத்தான் பல வருசம் சென்று ராத்தாவுக்கு ஒரு நல்ல மனிதர் அமைந்தார். மச்சான் தங்கமான ஆள். அதற்குப் பிறகு எனக்கும் ஆயிற்று. இருவருக்கும் அடுத்தடுத்த வளவில் வீடு. விலைவாசி, முழங்கால் வலி, பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் கதைப்போம். அதை மட்டும் கதைத்ததில்லை.

இப்போது வாப்பா இல்லை, உம்மா இல்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ரோட்டோரத்துக் கிணறுகள் மதிலுக்குள் போய்விட்டன. மதிலில் இரும்புக் கேற், கேற்றில் மணி, மணிக்கு மேலே கமரா. கார்களும் கொதிப்பதில்லை. யாரும் யாரிடமும் போய்த் தண்ணீர் கேட்பதில்லை. வழக்கமும் மாறிவிட்டது, மாப்பிள்ளை வீட்டாரும் இப்போது பெண்ணின் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போன மாதம் ராத்தாவின் மகளைப் பார்க்க அப்படித்தான் நிந்தவூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அதற்கு முதல் நாள் ராத்தா வேலியடிக்கு வந்தாள். நின்றாள். செவ்வரத்தைச் செடியில் ஒரு இலையைக் கிள்ளினாள்.

“நாளைக்கு ஆக்கள் வாறாங்க. நீ வா, நீ இல்லாம எப்படி? ஆனா...”

“ஓம் ராத்தா. மகளுக்குச் சோதின இரிக்கி, படிக்கணும்” என்றேன், அவள் முடிக்கும் முன்பே. சோதினை ஒன்றும் இல்லை. என் மகள் கொஞ்சம் நிறம், கொஞ்சம் துணிவு, நன்றாகக் கதைப்பாள். ராத்தாவின் மகள் வாய் திறக்காத பிள்ளை.

தனியாகப் போனேன். நல்ல ஆட்கள். மாப்பிள்ளையின் உம்மா எல்லோரையும் விசாரித்தா. ஒவ்வொருவராக வந்து, என்னிடம் திரும்பினா.

“உங்களுக்கு எத்தின புள்ளகள்?”

“ஒண்டுதான். மகன், கத்தார்ல” என்றேன்.

அப்படிச் சொல்லு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. ராத்தா சர்பத் தட்டோடு கதவடியில் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள். இல்லை என்று அவள் சொல்வாள் என்று நான் நினைத்தேன், அல்லாஹ் அறிய அதைத்தான் எதிர்பார்த்தேன். அவள் குனிந்து எனக்கு முன்னால் சர்பத்தை வைத்தாள். தட்டில் கொஞ்சம் ஊற்றுண்டது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை, என் முகத்தைப் பார்க்க அவளுக்கும் முடியவில்லை.

அன்றைக்கே அவர்கள் “ஓம்” சொல்லிவிட்டார்கள். ராத்தாவின் மகளுக்கு வாற மாதம் கலியாணம். குடும்பத்தோடு வரவேண்டும் என்று மாப்பிள்ளையின் உம்மா என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனா. வெளியே என் மகள் புதுக் கூலண்டை ஊற்றி, காற்றுப் போகட்டும் என்று மூடியைத் திறந்தபடி என்ஜினை ஓடவிட்டிருக்கிறாள். குமிழி நின்றதும் மூடுவாளாம். கலியாணத்துக்கு உடுக்க நீல நிறத்தில் துணி வாங்கித் தைக்கவும் கொடுத்துவிட்டாள், பின்னேரம் அளவு பார்க்கத் தையல்காரியிடம் போகவேண்டுமாம், என்னையும் வரச் சொல்கிறாள்.